கோலப்பொடி வால் நட்சத்திரம்

ஜனவரி 27, செவ்வாய்

இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இதை அப்பா புரட்டிப் பார்க்க மாட்டார். ரெக்கார்டு நோட்டு என்றால் அவருக்கு ஒரு மரியாதை. அட்டை போட்டுக் கொடுத்ததே அவர்தான். விளக்கைப் போட்டால் கதவிடுக்கு வழியாக வெளிச்சம் கூடத்துக்குப் போகும். அதனால் லேப்டாப் திரையின் வெளிச்சம்தான். சுகந்தி அக்கா பக்கத்தில் ஒருக்களித்துத் தூங்குகிறாள். அவளுக்கு இது எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருக்கிறாள்.

லேப்டாப் அவளுடையதுதான். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. கல்யாணமாகிப் போகும்போது பரணில் போட்டுவிட்டுப் போனாள். பேட்டரி செத்துவிட்டது. ஒயரைச் செருகி வைத்தால் மட்டும் ஓடும். அது ஓடுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. போன வருடம் ஒரு மதிப்பெண் அட்டையில் அவர் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். கண்டுபிடித்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. இருபத்தாறு நாள் என்னோடு பேசவில்லை. "பொய் சொல்றவகிட்ட எனக்கு என்ன பேச்சு" என்று அம்மாவிடம் சொன்னாராம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று ஒரு படம் முடித்தேன். விண்வெளிப் படங்கள் இதுவரை பதினொன்று செய்திருக்கிறேன். யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதில் வருகிறவர்களிடம் பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது. என்னிடம் மவுஸ்தான், அதுவும் இடது பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் ஒரு தடவை கேட்கும். அதனால் நான் வேறு வழி வைத்திருக்கிறேன். அம்மாவின் கறுப்புக் குடையை விரித்து அதன் மேல் கோலப்பொடியைத் தூவி, அக்கா போனில் படம் எடுப்பேன். லேப்டாப்பில் ஏற்றிக் கறுப்பை இன்னும் கறுப்பாக்கினால் ஆயிரம் நட்சத்திரம். ஏழாவது படத்தில் உள்ள கோள் உண்மையில் கருகிய தோசை. வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் நிழல் போட்டு, சுற்றிலும் நீல மினுக்கம் வைத்தேன். அக்காவால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்று முடித்தது வால் நட்சத்திரம். பள்ளிக்கூட மாடியிலிருந்து எடுத்த எங்கள் ஊர்க் கரடுதான், அந்தச் சின்னப் பாறைக் குன்றுதான், கீழே. குடைமேல் பொடியைக் குவித்து ஸ்ட்ராவால் ஒரே ஊது. அதுதான் வால். அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏ வர்ஷி, நெசமாவே நம்ம கரட்டு மேல வந்து நிக்கிற மாதிரி இருக்குடி. எனக்கே புல்லரிக்குது."

அக்கா போனிலிருந்தே பர்வீனுக்கு அனுப்பினேன். பர்வீன் என் வகுப்புத் தோழி. உலகத்தில் என் படங்களைப் பார்த்த இரண்டு பேர் அவளும் அக்காவும்தான்.

ஜனவரி 29, வியாழன்

நூலகப் புத்தகத்தில் வால் நட்சத்திரத்துக்கு இரண்டு வால் இருக்கும் என்று போட்டிருந்தது. தூசி வால் ஒன்று, நீலமாய் மெல்லிசாய் இன்னொன்று. எனக்கு ஒரே வெட்கமாகிவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் இரண்டாவது வாலைச் சேர்த்தேன். இப்போதுதான் படம் சரியாக இருக்கிறது. அக்கா போனில் ஏற்றி வைத்தேன்.

சாயங்காலம் வேலுத்தாய் அத்தை போன் செய்தார். அக்காவின் மாமியார். மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்கு வேன் பேசியாகிவிட்டதாம். அவர்களுக்குக் கோயில் மலைக்காட்டுக்கு அந்தப் பக்கம். மூன்று மணி நேரம், பாதி தூரம் மண் ரோடு. பங்காளிகள் எல்லோரும் அந்த ஒரு நாள்தான் கூடுவார்கள். முதல் பிள்ளையைச் சுமக்கிற மருமகள் வந்து பொங்கல் பானையைத் தொட்டுக் கொடுக்க வேண்டுமாம். அக்கா "சரிங்கத்தை, சரிங்கத்தை" என்று ஆறு தடவை சொன்னாள்.

போன வருடமும் அவள் போனாள். அங்கிருந்து நேராக இங்கே வந்து பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அல்சர் என்று அம்மா சொன்னாள். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற உளுந்தங்களியை அல்சருக்கு எதற்குத் தினமும் கிண்டிக் கொடுத்தாள் என்று தெரியவில்லை.

புதுப் படத்தைப் பர்வீனுக்கு அனுப்பலாம் என்று போனைக் கேட்டேன். அக்கா அதில் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தாள். "அப்புறம் தர்றேன் போ" என்றாள். கொடுக்கவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுத்து கோணலாய் வருகிறது.

காலையில் அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மதினி, இதப் பாத்தீங்களா? நம்ம கரட்டு மேல!"

என் படம்.

மகளிர் குழு வாட்சப்பில் வந்ததாம். கீழே எழுதியிருந்தது: 'நேற்று அதிகாலை தெரிந்தது. இது தூமகேது என்னும் வால் நட்சத்திரம். இது வானத்தில் இருக்கும் காலத்தில் கர்ப்பிணிப் பெண்கள் ஊர் விட்டு ஊர் பயணம் செய்யக்கூடாது.'

அம்மா மாவுக் கையோடு கும்பிட்டாள். நான் கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு அத்தை போன். அவருக்கும் வந்திருக்கிறது. "பிள்ளத்தாச்சிய வேன்ல ஏத்த வேணாம் மதினி. சாமிக்கு நான் சொல்லிக்கிறேன். அவ வீட்டுலயே இருக்கட்டும்." அம்மா போனை வைத்துவிட்டு அப்பாவிடம், "எங்க வயித்துல பால வார்த்தாங்க" என்றாள். யார் வார்த்தார்கள் என்று சொல்லவில்லை.

அறைக்குள் வந்து அக்காவிடம், "அது என் படம்க்கா" என்றேன். "தெரியும். யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். ஆச்சரியப்படவே இல்லை. மதியம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். இங்கே வந்ததிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

பர்வீனோடு சண்டை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"நீதானடி அனுப்புன?"

"நான் எதுக்குடி அனுப்புறேன்? எங்க வாப்பா போன அரை மணி நேரம்கூடத் தர மாட்டாரு."

"வேற யாருகிட்டயும் அந்தப் படம் இல்ல."

"சத்தியமா இல்லடி."

"பொய் சொல்லாத."

டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். பாதி முட்டையை எனக்கு வைத்திருந்தாள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் பெஞ்சிலேயே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

பால்காரர் தன் கண்ணாலேயே பார்த்தாராம். "நாலரை மணிக்குக் கறக்கப் போறேன், மேல பாத்தா வால விரிச்சுக்கிட்டு நிக்குது. மாடே மிரளுது." பேருந்து நிறுத்தத்தில் இன்னொருவர் பத்து நாளைக்கு முன்னாலேயே பார்த்ததாகச் சொன்னார். அப்போது நான் அதை வரைந்து முடிக்கவே இல்லை.

இன்று விடிவதற்கு முன் பாத்ரூம் போகிற சாக்கில் மாடிக்குப் போனேன். கரட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தால் ஏதோ வெள்ளையாய்த் தெரிகிற மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கினால் போய்விட்டது. அத்தனை பேர் பார்த்தேன் என்கிறார்கள். ஒருவேளை அது முன்னாலேயே அங்கே இருந்து, நான் தெரியாமல் அதைத்தான் வரைந்தேனோ? கோலப்பொடியை ஊதியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குடைக் கம்பியில் இன்னும் ஒட்டியிருக்கிறது. போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

இப்போது படத்தோடு ஓர் ஆடியோவும் சுற்றுகிறது. யாரோ ஓர் ஆள், தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிறார். மாசி அமாவாசையிலிருந்து நாற்பத்தெட்டு நாள் அது நிற்குமாம். அந்த நாட்களில் பிறக்கிற தலைப்பிள்ளை தகப்பனுக்கு ஆகாதாம்.

அமாவாசை பிப்ரவரி 17. அக்காவுக்கு டாக்டரம்மா கொடுத்திருக்கிற தேதி மார்ச் 20. விரல் விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எப்படி எண்ணினாலும் உள்ளேதான் விழுகிறது.

அக்கா இயர்போனில் கேட்டாள். முகம் கோலப்பொடி மாதிரி ஆகிவிட்டது. "இத யாருடி சேத்தா? இத யாரு சேத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 7, சனி

அத்தை வந்தார். கையில் ஒரு சீட்டு. அவர்கள் ஊர் ஜோசியர் எழுதிக் கொடுத்தது. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள். அதற்குள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட வேண்டும்.

அம்மா பதறிப் போய் அக்காவையும் அத்தையையும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பை தூக்க நானும் போனேன். டாக்டரம்மா சீட்டைத் தொடவே இல்லை.

"முப்பத்தஞ்சு வாரமே முழுசா ஆகலம்மா. நுரையீரல் பழுக்க வேணாமா? இப்ப எடுத்தா பிள்ள மூச்சு விடத் திணறும். கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். பொழைக்கிறதும் பொழைக்காததும் அப்புறம் என் கையில இல்ல. தாயும் பிள்ளையும் நல்லா இருக்கும்போது நான் கத்தி வைக்க மாட்டேன்."

அத்தை வாசலுக்கு வந்ததும், "இவங்க இல்லேன்னா இன்னொருத்தர்" என்றார். பக்கத்து டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் பேசி வைத்துவிட்டாராம். பனிக்குடத்தில் நீர் குறைவு என்று எழுதிக்கொள்வார்களாம்.

அம்மா கெஞ்சினாள். "மதினி, ஒரு மாசம் பொறுங்க மதினி. பச்ச மண்ணு அது."

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்கும். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "கணபதி பொறந்த வருசமே அவுங்கப்பா போயிட்டாரு. பொறந்த நேரம் சரியில்லன்னு அப்பவே ஊரெல்லாம் சொல்லுச்சு. நான் காதுல வாங்கல. இப்ப அவனும் லாரி ஓட்டுறான். ராத்திரி பகலா ரோட்டுல கெடக்கான். ஒரு தடவ கேக்காம விட்டேன் மதினி. இன்னொரு தடவ விட என்னால முடியாது."

கணபதி மாமாவிடம் அப்பா போனில் பேசினார். மாமா நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். "அம்மா சொல்றபடி செஞ்சிருங்க மாமா. அது பயந்தா சோறு திங்காது" என்று சொன்னாராம். அப்பா போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் தாமிரக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுவதுதான் அவர் வேலை. வீட்டிலும் கொஞ்சம் கம்பி வைத்திருப்பார். யோசிக்கும்போது சுருட்டுவார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அப்பா நிமிர்ந்து, "என்ன?" என்றார். "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்னும் நான்கு நாள். ரெக்கார்டில் இரண்டு படம் வரைந்தேன். லென்ஸைத் தலைகீழாக வரைந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பர்வீன் தானாக வந்து பேசினாள். நான் என்றால் வந்திருக்க மாட்டேன்.

"ஏய், எங்க வீடு எங்கடி?"

"என்னது?"

வாப்பாவின் போனைக் காட்டினாள். ஆடியோவோடு சுற்றுகிற படம் அது. "எங்க தெரு கரட்டுக்கு இடது பக்கம். தண்ணி டேங்க் வலது பக்கம். இதுல டேங்க் எங்க தெருவுல வந்து நிக்குது. ஊரையே புரட்டிப் போட்டுட்டியே!"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வால் வலது பக்கம் விரிந்தால்தான் அழகாக இருக்கும். ஆனால் கரட்டின் உச்சியும் அந்தப் பக்கமே இருந்தது. அதனால் கரட்டுப் புகைப்படத்தை அப்படியே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிவிட்டேன். ஒரே ஒரு கிளிக். எல்லாம் இருட்டு உருவமாக இருந்ததால் டேங்க்கைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஊரே இந்தப் படத்தைப் பார்த்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர்கூட டேங்க்கைப் பார்க்கவில்லை. எல்லோரும் வானத்தையே பார்த்திருக்கிறார்கள்.

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள் பர்வீன். "நீ எனக்கு அனுப்புனதுல ஒரு வால்தான். இதுல ரெண்டு இருக்கு. ரெண்டாவது எப்ப மொளச்சுச்சு?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சாரி என்று சொன்னேன். "முட்டைக்கா, சண்டைக்கா?" என்று கேட்டாள்.

இரண்டு வால் உள்ள படம் ஒரே ஒரு போனில்தான் இருந்தது.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

பிப்ரவரி 11, புதன்

அக்கா ஆஸ்பத்திரிக்குப் பை கட்டுகிறாள். பழைய பருத்திப் புடவையைக் கிழித்துச் சதுரமாக மடித்தாள். நானும் மடித்துக் கொடுத்தேன். நடுவில் நிறுத்தி, என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே முட்டி மாதிரி ஒன்று நகர்ந்து போனது.

"பாத்தியா, அதுபாட்டுக்கு வெளையாடுது" என்றாள். அப்புறம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "நான் ஒண்ணு நெனச்சேன்டி. அந்த வேன்ல மட்டும் ஏறிறக் கூடாதுன்னுதான் நெனச்சேன். அது எங்கயோ போயிருச்சு."

முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அத்தையிடம் அவளே சொல்லிவிடலாமே என்று தோன்றியது. உடனே, போன வருடம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. அப்போதும் அவள் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் அல்சர் என்று சொன்னோம்.

பிப்ரவரி 12, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நடக்கவே இல்லை என்று நினைத்துவிடுவேன்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அத்தையின் செருப்பு வாசலில் இருந்தது. இங்கேயே தங்கி, விடிந்ததும் காரில் அக்காவைக் கூட்டிப் போவதாகத் திட்டம். அம்மா அழுது வீங்கிய முகத்தோடு காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா கடையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். அக்கா பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் அறைக்குள் போய் லேப்டாப்பை எடுத்து வந்து, டிவிக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகினேன்.

"இது என்ன?" என்றார் அப்பா.

"லேப்டாப்புப்பா."

"ஓடுதா?"

"ஓடும்ப்பா."

அது திறக்க நான்கு நிமிடம் ஆகும். அத்தை காபியை உறிஞ்சினார். நான் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் திரையையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் படம் வந்தது. கரடு, வானம், இரண்டு வால்.

"இத நாங்க பாத்தாச்சே பிள்ள" என்றார் அத்தை, கன்னத்தில் போட்டுக்கொண்டே.

"இத நான்தான் வரைஞ்சேன் அத்தை."

யாருக்கும் புரியவில்லை. "போன்ல வந்தத இதுல ஏத்திருக்கா" என்று அத்தையே அம்மாவுக்கு விளக்கினார்.

நான் செய்கிற படத்தில் எல்லாம் தனித்தனி அடுக்காக இருக்கும். லேயர் என்று சொல்வார்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இன்னொரு கண்ணாடித் தகட்டை வைத்த மாதிரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாய் ஒரு கண் இருக்கும். அந்தக் கண்ணை அழுத்தினால் அந்த அடுக்கு மறைந்துவிடும்.

'வால் 2' என்ற கண்ணை அழுத்தினேன். நீல வால் போய்விட்டது.

'வால்' போய்விட்டது. 'மினுக்கு' போய்விட்டது. தலை போய்விட்டது. 'பொடி 1', 'பொடி 2'. நட்சத்திரம் எல்லாம் போய், கரடும் வெறும் இருட்டும் மிஞ்சின. மவுஸ் ஒவ்வொரு தடவையும் கேட்காமல் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டேன். குடையைக் கொண்டு வந்து கம்பியிலிருந்த பொடியைக் காட்டினேன்.

"கோலப்பொடி அத்தை. ஸ்ட்ராவால ஊதுனேன்."

அத்தை எழுந்து வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். "மறைச்சுக் காட்டுனா ஆச்சா? வானத்துல இருக்கிறத நீ மறைக்க முடியுமா? எத்தன பேரு கண்ணால பாத்திருக்காங்க."

அவர் ஊர் இது இல்லை. அவரிடம் டேங்க் பற்றிச் சொல்லிப் பயன் இல்லை என்று தெரியும். அப்பாவைப் பார்த்தேன்.

"அப்பா, டேங்க்கப் பாருங்க."

"எந்த டேங்க்?"

"கரட்டுக்குப் பக்கத்துல."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எரிந்தால் இவர்தான் காயில் கட்டுவார். வருடத்துக்கு இரண்டு தடவையாவது அங்கே போய் நிற்கிறவர். இந்தப் படம் அவர் போனிலும் பன்னிரண்டு நாளாக இருக்கிறது.

ரொம்ப நேரம் பார்த்தார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார், இடது கையைத் தூக்கிப் பார்த்தார். வாசலுக்குப் போய்க் கரட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி" என்றார் அத்தையிடம். "இது நம்ம ஊரு கரடே இல்ல. கரட்டப் புரட்டிப் போட்டு வரைஞ்சிருக்கா கழுத. கேமராவுல எடுத்திருந்தா டேங்க் எப்படித்தா அந்தப் பக்கம் போகும்?"

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப வானத்துல ஒண்ணும் இல்லையாண்ணே?"

"இல்லத்தா."

"எம் மகனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகிறாரா, வேர்வையா என்று தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாருடி அனுப்புனது? வரைஞ்ச சரி. இத எல்லாருக்கும் அனுப்புனது யாரு?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"நான்தான் அத்தை" என்றேன். "அக்கா போன்ல இருந்து. அக்காவுக்குத் தெரியாம."

பொய் சொன்னேன். அப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டு, அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன். அடுத்த இருபத்தாறு நாள் எனக்குக் கண்முன்னால் தெரிந்தது.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கர்ப்பிணிகள் பயணம் போகக்கூடாது என்று படத்துக்குக் கீழே நான் எதற்கு எழுதப் போகிறேன்? அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அத்தை அதைக் கேட்கவில்லை. வேறு யாருடைய குரலோ மாதிரி கேட்டார்.

"போன வருசம் வேன் ரொம்பக் குலுங்குச்சுல்ல, சுகந்தி?"

அக்காவின் தோள் குலுங்கியது. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார் அத்தை. எழுந்து போய் அக்காவின் பையைத் திறந்தார். மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது வால் நட்சத்திரத்தைப் பற்றி. நடுவில் வேன் எதற்கு வந்தது என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒன்பதரை மணிக்கு இயற்பியல் வகுப்பு. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஒன்பதரையைத் தாண்டிப் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அக்கா வெந்தயக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா பேசவில்லை. நாள் ஒன்று.

பிப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. அத்தையும் பங்காளிகளும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். பானையைத் தொட்டுக் கொடுக்க வேண்டிய இடத்தில் அக்காவின் புடவை ஒன்றை வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிப் போயிருந்தார் அத்தை.

எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்காவிடம் நான்தான் வரைந்தேன் என்று அம்மா சொன்னாள். அவர் நம்பவில்லை. "பிள்ளைக்கு என்ன தெரியும், அதப் பாத்து வரைஞ்சிருப்பா" என்றார். பால்காரர் இன்றைக்கும் பார்த்தாராம்.

மாலையில் அப்பா அறை வாசலில் வந்து நின்றார். நான் லேப்டாப்பை மூடப் போனேன். "மூடாத" என்றார். எட்டிப் பார்த்தார். தோசைக் கோளைக் காட்டினேன். தோசை என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அந்த டேங்க்க சரியான பக்கம் வை" என்றார். "பாக்குறவன் நம்ம ஊரு இல்லம்பான்."

மூன்றாம் நாளிலேயே பேசிவிட்டார். நான் கடைசியில் சொன்ன பொய் அவருக்குத் தெரிந்திருக்குமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் பேசினார்? எனக்கு அப்பாவைப் புரியவே இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

அமாவாசை. தெருவில் எல்லோரும் மாடியில் நின்றார்கள். விளக்குகளை அணைத்திருந்ததால் உண்மையிலேயே நிறைய நட்சத்திரம் தெரிந்தது. குடைமேல் தூவியதைவிட நிறைய. ஒழுங்கே இல்லாமல் இருந்தது.

அக்கா போனில் அத்தை. என்னிடம் கொடுக்கச் சொன்னாராம்.

"மாடிக்குப் போயி பாத்துச் சொல்லு பிள்ள. இங்க மேகமா இருக்கு."

"மாடியிலதான் அத்தை நிக்கிறேன். ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

அத்தை அதோடு விடவில்லை.

"டேங்க் எந்தப் பக்கம் இருக்கு?"

நான் இருட்டில் திரும்பிப் பார்த்தேன்.

"வலது பக்கம் அத்தை."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 18, புதன்

பெண் குழந்தை. காலை ஆறு பத்து. மூன்று கிலோ. பிறந்ததும் அழுத சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. கண்ணாடிப் பெட்டி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கணபதி மாமா லாரியை விட்டுவிட்டு ரயிலில் வந்துகொண்டிருக்கிறார்.